கடைக்கு ஒரு பையன்

(அயனாவரத்தில் நடந்த இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் எனக்கு இல்லாத பட்டமெல்லாம் கொடுத்துவிட்ட செயலாளர் அவர்களே, இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்துக்கு வாடகை வாங்க மாட்டேன் என்று சொல்லி மின்சாரக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்ட உரிமையாளர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளர் பெயரைச் சொல்ல மறந்துவிடாதே என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள். சொல்லிவிட்டேன் அண்ணே. பொன்னாடைக்குப் பதிலாக டர்க்கி துண்டு போர்த்தியதற்குத் தனியாக நன்றி. சனிக்கிழமை கை துடைக்க ஆயிற்று.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு கூர்நோக்கு இல்லத்துக்குப் போய் (குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம் அது), அங்கே இருக்கும் பையன்களுக்கு வண்டி வேலை சொல்லிக் கொடுக்கிறேன். எந்த இல்லம், எந்தப் பையன் என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன்.

இன்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். பையன்கள் அங்கே ஏன் வருகிறார்கள் என்பது ஒன்று. உள்ளே என்ன நடக்கிறது என்பது இரண்டு. வெளியே வந்ததும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று. நான் எப்போதும் சொல்லும் பழமொழி உங்களுக்குத் தெரியும்: அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இதையே ஒருமுறை ஓர் இல்லத்தில் சொன்னேன். அங்கிருந்த காவலர் ஒருவர், 'சரியாச் சொன்னீங்க சார், நாலு வெச்சாத்தான் வழிக்கு வருவானுங்க' என்றார். நான் சொன்ன அடி காலடி ஐயா. அவர் காதில் விழுந்தது வேறு அடி. பிள்ளையை அடித்தால் அந்தச் சட்டத்திலேயே தண்டனை உண்டு என்று சொன்னதும் டீ குடிக்கப் போய்விட்டார்.

சரி, முதல் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். ஸ்பேனர் கதையைச் சொல்லச் சொல்லி முன்வரிசையில் கை காட்டுகிறார்கள்.

அங்கே கருவிப் பெட்டியை எடுத்துப் போகும்போதும் எண்ண வேண்டும், திரும்பும்போதும் எண்ண வேண்டும். ஒரு சனிக்கிழமை பழைய வண்டி ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றி, பைலட் ஜெட் என்கிற, பெட்ரோல் போகும் சின்னத் துளையின் அடைப்பெடுக்கக் கற்றுக்கொடுத்தேன். மாலையில் எண்ணினால் பத்துக்குப் பன்னிரண்டு ஸ்பேனரைக் காணோம். மறுபடி எண்ணினேன். காணோம். அவ்வளவுதான், பதினான்கு பையன்களும் வரிசையில் நின்றார்கள். சட்டைப் பை, பாய், தலையணை, கழிவறைத் தொட்டி வரை பார்த்தாகிவிட்டது. அன்று டிவியில் மேட்ச். பாதி மேட்ச் போயிற்று, சுண்டல் ஆறிப் போயிற்று. ஒரு பையன்கூட வாய் திறக்கவில்லை. சந்தேகிக்கப்படுவது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

வில்லிவாக்கம் வந்து, காய்கறிப் பையை எடுக்க ஸ்கூட்டர் டிக்கியைத் திறக்கிறேன். வேஸ்ட் துணிக்குள் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறது ஸ்பேனர்! நான்தான் கை துடைத்த துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

கண்காணிப்பாளருக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, தப்பு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தன், இரண்டு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன், எழுந்து கேட்டான்: 'அப்போ சார், உங்களுக்கு என்ன தண்டனை?'

உடனே போர்டு கூடிவிட்டது. போர்டு என்றால் இளைஞர் நீதிக் குழுமம், சிறுவர்கள் மீதான வழக்கை விசாரிப்பது. ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பையன்களுக்கு அது மனப்பாடம். மூன்று பேர் பெஞ்சில் ஏறினார்கள். 'டேய், அம்மா இல்லாம போர்டு செல்லாது' என்று ஒருத்தன் சொன்னதும், கடைசியில் இருந்தவன் துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டான். இன்னொருத்தன் நன்னடத்தை அலுவலர், அதாவது பையனின் வீடு, பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்து போர்டுக்கு எழுதிக் கொடுப்பவர். என் சமூக விசாரணை அறிக்கையை நின்றபடியே வாசித்தான். 'பென்சன் வருது. பையன் பெங்களூர்ல. கூடாத சகவாசம் இல்லை. ஞாபக மறதி இருக்கு. முதல் தடவைங்கறதால மன்னிக்கலாம்.' முக்காடு போட்ட அம்மா மட்டும் மன்னிக்கவில்லை. மூன்று சனிக்கிழமை சமூக சேவை என்று தீர்ப்பாயிற்று. மூன்று வாரமும் பார்ட்ஸ் எல்லாவற்றையும் நானே மண்ணெண்ணெயில் கழுவினேன். என் கருவிப் பெட்டியை அவர்கள் எண்ணினார்கள். டிக்கியையும்தான்.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். கேள்வி கேட்ட அந்தப் பையன் நாலாவது வாரத்திலிருந்து இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே, காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்ப ஆரம்பித்தான். பிறகு வெளியே போனான். 18 முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு பதினோரு கடை ஏறி இறங்கினேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பதினோரு இடத்திலும் டீ மட்டும் கிடைத்தது. அந்தக் கடைகளில் இரண்டின் முதலாளிகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பேர் சொல்ல மாட்டேன், டீ நன்றாகவே இருந்தது.

பயம் உங்களுக்கு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், 24-ஆவது பிரிவு. 16 வயதைத் தாண்டிக் கொடுங்குற்றத்தில் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்படுகிறவர்கள் சிலர் தவிர, சிறுவனாக இருந்தபோது செய்த குற்றத்தால் ஒருத்தனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. காலக்கெடு முடிந்ததும் ஆவணத்தையே அழித்துவிட வேண்டும். அரசாங்கமே அழித்துவிடுகிற காகிதத்தை நீங்கள் ஏன் மனசுக்குள் பைண்டு பண்ணி வைக்கிறீர்கள்? நம் ஊருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் போட்ட மாகாணம் சென்னை, 1920-இல். வங்காளம் 1922, பம்பாய் 1924. நூறு வருடத்துக்கு முன்னால் முந்திக்கொண்ட ஊரில், கையாள் வேலைக்குப் பதினோரு கடை ஏறினோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கடைக்கு ஒரு பையன். 18 முடிந்தவன், கையாளாக, ஆறு மாதம். சம்பளம் மற்றவர்களுக்குத் தருவதையே தாருங்கள். தினமும் கல்லாவை எண்ணுங்கள், தப்பில்லை. குறைந்தால் முதலில் உங்கள் டிக்கியைத் திறந்து பாருங்கள். அடிமேல் அடி என்று சொன்னேனே, பன்னிரண்டாவது கடை ஓட்டேரியில் இருந்தது. முதலாளிக்குக் காது மந்தம், எங்கே கற்றாய் என்று கேட்கவே இல்லை. அந்தப் பையன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். கார்புரேட்டர் வண்டிகள் குறைந்துவிட்டதால் இப்போது புது வண்டிகளின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

முதல் விஷயம் பாக்கி இருக்கிறது, தெரியும். செயலாளர் இரண்டாவது முறை கடிகாரத்தைக் காட்டிவிட்டார், சாப்பாட்டுப் பந்தியும் போட்டாயிற்று. முன்வரிசையிலிருந்து நீல அட்டை நோட்டு ஒன்று வருகிறது. கடை பேர், போன் நம்பர் எழுதினால் போதும். பேனா எழுதவில்லை என்றால் தலைவர் சட்டைப் பையில் இரண்டு இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள்.