சாட்சிக் கூண்டில் யாரை ஏற்றினார்கள்?

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போர்க்களக் கதைகளைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு ருசியும் இல்லை. போர் முடிந்த பிறகு அதை வைத்து வரலாற்றாசிரியர்கள் போட்ட சண்டையைத்தான் சொல்லப்போகிறேன். முதல் சண்டை 1861இலிருந்து 1865 வரை, நான்கு வருடத்தில் முடிந்தது. இரண்டாவது இன்னும் ஓயவில்லை.

அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் என்று ஒருவர். பிரிந்துபோன தென்மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணைக் குடியரசுத் தலைவர். 1861 மார்ச்சில் ஜார்ஜியாவின் சவானா நகரத்தில் பேசும்போது அவர் ஒளிவுமறைவே வைத்துக்கொள்ளவில்லை. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல, அடிமையாக இருப்பதே அவர்களுடைய இயல்பான நிலை, எங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே இதுதான் என்றார். போரில் தோற்றார்கள். 1868இல் இதே மனிதர் ஒரு தடித்த புத்தகத்தை வெளியிடத் தொடங்கினார். அதில் போருக்குக் காரணம் அடிமைமுறை இல்லையாம், மாநில உரிமையாம், அரசியல் சட்டத்தை எப்படிப் படிப்பது என்ற கருத்து வேறுபாடாம்! ஏழே வருடத்தில் காரணம் மாறிவிட்டது. போரைப் பற்றிய முதல் மறுவிளக்கத்தை எழுதியவர்களில் ஒருவர் தோற்ற தரப்பின் இரண்டாவது பெரிய தலைவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பிறகு வந்த சுமார் பன்னிரண்டு ஆண்டுகளை மறுகட்டமைப்புக் காலம் என்பார்கள். விடுதலையான ஏறத்தாழ 40 லட்சம் பேர் குடிமக்களாக நின்ற காலம் அது. அரசியல் சட்டத்தில் மூன்று திருத்தங்கள் வந்தன: 1865இல் அடிமைமுறை ஒழிப்பு, 1868இல் குடியுரிமை, 1870இல் இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கத் தடை. அந்த 1870இலேயே மிசிசிப்பியிலிருந்து கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் மேலவையான செனட்டுக்குப் போனார். தென் கரோலினாவிலிருந்து, அடிமையாகப் பிறந்த ஜோசப் ரெய்னி கீழவைக்குப் போனார். 1877இல் தெற்கின் மாநில அரசுகளைத் தாங்கி நின்ற கூட்டாட்சிப் படை ஒதுங்கிக்கொள்ள, எல்லாம் சரிந்தது.

இந்தக் காலத்தை முதலில் பல்கலைக்கழக முறையில் எழுதியவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும். மாநிலத்துக்கு ஒன்றாக ஆய்வு நூல்கள் வந்தன. சாராம்சம் இதுதான்: படிப்பறிவில்லாத கறுப்பர் கையில் வாக்கைக் கொடுத்தார்கள், வடக்கிலிருந்து வந்த பேராசைக்காரர்கள் அவர்களை ஆட்டிவைத்தார்கள், ஊழல் பெருகியது, கடைசியில் வெள்ளையர் தங்கள் மாநிலங்களை மீட்டுக்கொண்டார்கள். இவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து உழைத்தவர்கள். பிரச்சினை சாட்சிகளில் இருந்தது. தோட்ட முதலாளியின் கடிதம் சாட்சி, தெற்கின் வெள்ளைப் பத்திரிகை சாட்சி. அதே காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழுக்களின் முன் நின்று, கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் தங்களை அடித்ததையும் கொன்றதையும் சொன்ன கறுப்பினத்தவரின் வாக்குமூலமும் அச்சாகியே இருந்தது. அதற்கு இவர்கள் பெரிதாக மதிப்புக் கொடுக்கவில்லை.

புத்தகத்தில் எழுதியது புத்தகத்தோடு நின்றால் பரவாயில்லை. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்று ஒரு சிற்றூர். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஒரு வெள்ளை ஆயுதக் கூட்டம் தாக்கியது. சரணடைந்த பிறகும் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் அறுபதுக்கு மேல், 150 வரை என்று கணக்குகள் மாறுபடுகின்றன. அரிதாகத் தண்டனை பெற்ற சிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1950 வாக்கில் அங்கே அரசே ஓர் அறிவிப்புப் பலகை நட்டது. நடந்தது கலவரமாம், அதோடு தெற்கில் வந்தேறிகளின் மோசமான ஆட்சி முடிந்ததாம். டன்னிங் மாணவர்களின் வாதம், உலோகத்தில் வார்த்து, சாலையோரத்தில்! 2021இல்தான் அதைப் பிடுங்கினார்கள்.

எதிர்வாதம் அப்போதே இல்லையா? இருந்தது. டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ், ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய கறுப்பின அறிஞர், 1909இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் கூட்டத்திலேயே பேசினார். தெற்கில் பொதுப் பள்ளிகளை ஏற்படுத்தியது நீங்கள் திட்டும் அந்த ஆட்சிகள்தான் என்றார். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1935இல் அதையே பெரிய நூலாக விரித்தார். கறுப்பர்களைச் சாதாரண மனிதர்களாக நினைத்தே இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன், அதனாலேயே என் வாசகர்கள் குறைந்துபோவார்கள் என்ற பொருளில் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார். கடைசி அத்தியாயத்தில் சக வரலாற்றாசிரியர்களைப் பெயர் சொல்லியே பிடித்து உலுக்கினார். அவர்களுடைய முதன்மை ஆய்விதழ் அந்த நூலுக்கு அப்போது மதிப்புரையே போடவில்லை. அடிமைகள் தோட்டங்களை விட்டு ஓடியதைப் பொது வேலைநிறுத்தம் என்று அவர் சொன்னது கொஞ்சம் இழுத்துப் பிடித்த வாதம் என்றே நான் நினைக்கிறேன். மார்க்சியச் சட்டகம் சில இடங்களில் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஓடியவர்களைப் போரின் போக்கை மாற்றியவர்களாக அவர் பார்த்தாரே, அந்தப் பார்வையிலிருந்து இன்றுவரை யாராலும் விலக முடியவில்லை.

அப்புறம் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் கதை. 1939இல் இவர் ஆய்வுக்காக வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார். கறுப்பின ஆய்வாளர் வருவார் என்று அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. தனி அறை ஒதுக்கினார்கள். வெள்ளை ஊழியர்கள் இவருக்கு ஆவணம் எடுத்துக் கொடுக்க வேண்டிய 'சங்கடம்' வரக்கூடாது என்று கிடங்கின் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள். ஆய்வாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொஞ்ச நாளில் வெள்ளை ஆய்வாளர்கள் புகார் செய்தார்கள்: அவருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? சாவி திரும்பப் போய்விட்டது. கருத்து ஒருபுறம் இருக்கட்டும், ஆவணம் இருக்கும் அறைக்குள் யார் நுழையலாம் என்பதுகூட வரலாறு எழுதுவதன் ஒரு பகுதிதான்.

1950களிலும் 60களிலும் சிவில் உரிமைப் போராட்டம் எழுந்தபோது காற்று மாறியது. ஃபிராங்க்ளின், கென்னத் ஸ்டாம்ப் ஆகியோர் பழைய கதையை உடைத்தார்கள். எரிக் ஃபோனரின் 1988ஆம் ஆண்டு நூல் புதிய பார்வையை நிலைநிறுத்தியது. 'அப்போ வரலாறு என்பது காலத்துக்கு ஏற்ற கருத்துத்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது சோம்பலான கேள்வியாகப் படுகிறது. காலம் மாறியதால் புதிய கேள்வி வந்தது, சரி. பதில் வந்தது தாள்களிலிருந்து. விடுதலை பெற்றவர்களுக்காக அமைந்த அரசு அலுவலகத்தின் கூலி ஒப்பந்தங்கள், புகார்கள், மனுக்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் மலைபோல் கிடந்தன. 1970களிலிருந்து மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று அவற்றில் தேடித் தேடித் தொகுதி தொகுதியாக வெளியிட்டது.

இப்போதும் ஒரு வழக்கு நடக்கிறது: அடிமைகளை விடுவித்தது யார்? லிங்கனும் அவருடைய படையும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்கிறார் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மெக்ஃபர்சன். அடிமைகளே தங்களை விடுவித்துக்கொண்டார்கள் என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸ். நான் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையைப் பார்ப்பேன். 1861 மே மாதம், போர் தொடங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. தென்படைக்குப் பீரங்கி மேடை கட்ட அனுப்பப்பட்ட ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் மூவரும் இரவில் படகேறி வடபடையின் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். தப்பிய அடிமைகளைத் திருப்பித் தரும் சட்டப்படி அவர்களைக் கொடு என்று மறுதரப்பு அதிகாரி ஒருவர் வந்து கேட்டார். தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வக்கீல். நீங்கள் வேறு நாடு என்கிறீர்கள், வேறு நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிச் செல்லும் என்று மடக்கினார். எதிரியின் போர்ச் சொத்து என்ற கணக்கில் மூவரையும் வைத்துக்கொண்டார். செய்தி பரவி, வாரக்கணக்கில் நூற்றுக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்டில் காங்கிரஸ் அதற்கு ஒரு சட்டமே போட்டது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரியில்தான் வந்தது.

கோட்டையில் வடபடை இல்லாவிட்டால் அந்த மூவரும் படகை எங்கே செலுத்தியிருப்பார்கள்? அதனால் மெக்ஃபர்சனை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் போரின் தொடக்க வாரங்களிலேயே, அரசு வாய்திறக்கும் முன்பே, இந்தப் போர் எதைப் பற்றியது என்று முடிவு செய்து கிளம்பியவர்கள் அவர்கள். வாஷிங்டன் அந்த இடத்துக்கு வந்து சேர மேலும் ஒன்றரை வருடம் ஆனது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.