கால் கனக்கும் நாளில் இன்டர்வல் ஓட்டலாமா?

(திரையில்: சைக்கிளின் ஹேண்டில்பாரில் சிறு கணினி. வாட் (மிதிக்கும் சக்தி), இதயத்துடிப்பு, கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை பெடல் சுற்று) எண்கள் ஓடுகின்றன.)

வணக்கம். சைக்கிள் ரேஸுக்குப் பயிற்சி எடுக்கிற எல்லாருக்கும் இப்படி ஒரு காலை வரும். தூக்கம் சரியாகவே இருந்திருக்கும், மனசும் தயார். ஆனால் படி இறங்கும்போதே தொடை கனக்கும். அட்டவணையைப் பார்த்தால் அன்றைக்குத்தான் கடினமான இன்டர்வல், அதாவது வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓட்டும் பயிற்சி. ஓட்டுவதா, விடுவதா?

அன்றைக்குக் கால் ஏன் கனக்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்க 20 நிமிடம் போதும். எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் லாக்டிக் அமிலத்தின் மேல் இருக்கும் பழியைத் துடைத்துவிடலாம். "நேற்று ஓட்டினதுல லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். ஓட்டி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவம்) பழைய அளவுக்கு இறங்கிவிடும். நேற்றைய லாக்டேட் இன்று காலை உங்கள் தொடையில் இருக்க வழியே இல்லை. அது கழிவும் கிடையாது. ஒரு தசை உண்டாக்கும் லாக்டேட்டை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்று அமெரிக்க உடலியலாளர் ஜார்ஜ் ப்ரூக்ஸ் 1980களிலேயே விளக்கிவிட்டார்.

சரி, அப்போது மறுநாள் கனப்பது எதனால்?

(திரையில்: தொடைத் தசையின் படம். உள்ளே கிளைகோஜன் துகள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன.)

முதல் சந்தேகம் எப்போதும் கிளைகோஜன் மேல்தான் விழவேண்டும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடல் தசைக்குள் சேமித்துவைக்கும் வடிவம் அது. உடம்பிலுள்ள எல்லாத் தசைகளிலும் சேர்த்து 400 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம், அவ்வளவுதான் இருப்பு. இரண்டு மூன்று மணி நேரம் கடுமையாக ஓட்டினால் தொடையில் இருப்பது பெரும்பாலும் தீர்ந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டாலும் அது முழுசாக நிரம்பக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அடுத்தடுத்த நாள் கடினமாக ஓட்டுகிறவர், ஒவ்வொரு காலையும் அரை டேங்க்கோடு கிளம்புகிறார்.

உடம்பு இளைக்கட்டும் என்று பயிற்சி முடித்த கையோடு பட்டினி கிடக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அடுத்த நாளும் கடினமான பயிற்சி இருந்தால், முதல் நான்கு மணி நேரத்தில் மணிக்கு, உடல் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து தேவை. 60 கிலோ எடை என்றால் மணிக்கு 60 முதல் 72 கிராம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் பயிற்சியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் வரைதான் உறிஞ்சும். ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், அதையும் கலந்தால் 90 வரை போகலாம். ஆனால் அதற்கு வயிற்றைப் பழக்க வேண்டும். ரேஸ் அன்று புதிதாக முயற்சி செய்யக்கூடாது.

இரண்டாவது, தசை வலி. விரலால் அழுத்தினால் தொடை வலிக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் சைக்கிள் காரணமாக இருக்காது. பெடல் மிதிக்கும்போது தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. நீண்டுகொண்டே சுமை தாங்கும்போதுதான் அந்த மாதிரி வலி வரும். ஜிம்மில் ஸ்குவாட் செய்தது, ஓடியது, மலையிலிருந்து இறங்கி நடந்தது, இவற்றில் ஏதாவது இருக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே குறையும். இதற்காக ஜிம்மை விட வேண்டியதில்லை. கனமான எடையோடு செய்யும் கால் பயிற்சி, நீண்ட ரேஸின் கடைசி நேரத்தில் கை கொடுக்கும். அதைச் சுலபமான நாளில் வைக்காமல், கடினமாக ஓட்டிய அதே நாளில் வையுங்கள். சுலபமான நாள் சுலபமாகவே இருக்கும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: வாரக்கணக்கில் சேர்ந்த சோர்வு. இங்கேதான் அந்த 20 நிமிட சோதனை உதவும்.

(திரையில்: நேரக் கோடு. 15 நிமிடம் பச்சை, 3 நிமிடம் ஆரஞ்சு, 2 நிமிடம் பச்சை.)

15 நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உங்கள் அதிகபட்ச வேகத்தில் 3 நிமிடம். கடைசி 2 நிமிடம் மறுபடி மெதுவாக. அந்த 3 நிமிடத்தில் வாட், இதயத்துடிப்பு, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வு, மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

வழக்கமாக 220 வாட்டில் உங்கள் துடிப்பு 160 வரும் என்று வைத்துக்கொள்வோம். இன்றும் அதே 220, அதே 160, கனமும் மெல்ல விலகுகிறது என்றால் கால் நன்றாகத்தான் இருக்கிறது, பயிற்சியைத் தொடருங்கள். 220-க்கே திணறுகிறீர்கள், ஆனால் துடிப்பு 148-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறதா? சேர்ந்துபோன சோர்வின் அடையாளம் இது. துடிப்பு குறைவாக இருப்பதைப் பார்த்து உடல் தேறிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். கால் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது துடிப்பு ஏறாமல் இருப்பது நல்ல செய்தி அல்ல. இன்டர்வலை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டிவிட்டு வீடு திரும்புங்கள். அதே 220 வாட்டில் துடிப்பு 172-க்குப் போனால் வெயில், தண்ணீர்க் குறைவு, தூக்கக் குறைவு, வரப்போகும் காய்ச்சல், இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். அன்றைக்கும் வேகம் வேண்டாம்.

'மெதுவாக' என்றால் எவ்வளவு மெதுவாக? மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். என் பார்வையில் அமெச்சூர் ரேஸர்களின் கால் கனப்பதற்கு முதல் காரணம் இன்டர்வல் கிடையாது. சுலபமாக ஓட்ட வேண்டிய நாளில், கூட வருகிறவர் சக்கரத்தை விடக்கூடாது என்று நடுத்தர வேகத்தில் ஓட்டுவதுதான். உச்ச நிலை விளையாட்டு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீபன் செய்லர், சுமார் 80 சதவீதப் பயிற்சிகள் குறைந்த தீவிரத்தில்தான் இருக்கின்றன என்று காட்டினார். டூர் டி பிரான்ஸ் ஓய்வு நாளில்கூட வீரர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் சைக்கிளில் போவார்கள். ஆனால் அந்த வேகத்தைப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

கியர் விஷயம் ஒன்று. 170 மில்லிமீட்டர் கிராங்க்கில் (பெடலைத் தாங்கும் கை) 200 வாட் எடுக்கிறீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால், பெடலில் விழும் சராசரி விசை சுமார் 19 கிலோ எடைக்குச் சமம். அதையே 90 சுற்றில் எடுத்தால் 13 கிலோ. வேகம் ஒன்றுதான், தொடைக்குப் பாரம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பதிலுக்கு மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கும். மேட்டில் பெரிய கியரையே பிடித்துக்கொண்டு முக்குகிறவர்களுக்கு இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். சீட் உயரத்தையும் பாருங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும்.

பயிற்சியின் அளவை மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்குங்கள். மசாஜ் வலி தெரியாமல் இருக்க உதவும். ஐஸ் குளியல், அடுத்தடுத்த நாள் ரேஸ் இருந்தால் சரி. தினமும் எடுத்தால், ஜிம் பயிற்சியில் தசை அடைய வேண்டிய பலனையே மட்டுப்படுத்தும். தூக்கத்துக்கு முன்னால் இவை எல்லாம் சின்ன விஷயம்.

டாக்டரிடம் போக வேண்டிய சோர்வும் உண்டு. முழு வேகத்தில் ஒரே ஒரு கால் மட்டும் சக்தி இழந்து மரத்துப்போய், நிறுத்திய சில நிமிடத்தில் சரியாகிறதா? இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருக்கலாம். பல வருடம் சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறவர்களிடம் பார்க்கப்படும் கோளாறு இது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ அன்றே போய்விடுங்கள். வாரக்கணக்கில் ஓய்வெடுத்தும் சோர்வு போகவில்லை என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

(திரையில்: காலண்டர். ரேஸ் நாள் வட்டமிடப்பட்டிருக்கிறது.)

கடைசியாக, ரேஸுக்கு முந்தைய இரண்டு வாரம். ஓட்டும் மொத்த அளவை 40 முதல் 60 சதவீதம் குறையுங்கள், தீவிரத்தைக் குறைக்காதீர்கள். இந்த நாட்களில் கால் மறுபடி கனக்கும், பலர் பயந்துபோய்க் கூடுதலாக ஓட்டிக் கெடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது, அதனால் கால் உப்பியது போலத் தோன்றலாம். ரேஸுக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதில் ரேஸ் வேகத்தில் ஒரு நிமிடம் வீதம் மூன்று முறை, இடையில் தாராளமாக ஓய்வு. ரேஸ் அன்று வார்ம் அப்பைப் பொறுத்தவரை, ரேஸ் எவ்வளவு சின்னதோ வார்ம் அப் அவ்வளவு நீளம். 20 நிமிட டைம் டிரையலுக்கு (தனியாக, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் ரேஸ்) அரை மணி நேரமாவது வேண்டும். ஐந்து மணி நேர ரேஸ் என்றால் 10 நிமிடம் மெதுவாகச் சுற்றிவிட்டு வந்து நின்றாலே போதும்.