நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல்

வணக்கம் நேயர்களே. சளி இழுக்குது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார், "ஒரு படம் எடுத்துப் பாருங்கோவன் டொக்டர்" என்று கேட்பது யாழ்ப்பாணத்தில் புதிதல்ல. அந்தப் படத்தை எப்படி வாசிப்பது என்று வைத்திய உலகத்துக்கே சொல்லித்தந்த ஒருவரைப் பற்றித்தான் பேச வந்தேன். ஜோன் கேஃபி, 1895 இல் அமெரிக்காவில் பிறந்தவர், நியூயோர்க்கில் குழந்தை வைத்தியராக இருந்துகொண்டே எக்ஸ்ரே வாசிப்பைத் தானாகப் பழகியவர்.

அவர் காலத்தில் ஒரு பெரிய பயம் இருந்தது. கைக்குழந்தையின் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. படத்தில் அது அகலமான வெள்ளை நிழலாக விழும். திடீரென்று இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்தபோதும் அது பெரிதாகவே இருந்ததால், இதுதான் மூச்சுக்குழாயை நெரிக்கிறது என்று முடிவுகட்டி, அதைச் சுருக்கவென்று 1907 இல் கதிர்வீச்சு கொடுக்கத் தொடங்கினார்கள். போகப்போக, எந்த வருத்தமும் இல்லாத பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். உண்மை என்னவென்றால், நெடுநாள் நோயில் வாடுகிற பிள்ளைக்குத் தைமஸ் சுருங்கிப்போகும். அப்படி இறந்த பிள்ளைகளில் கண்ட அளவைத்தான் எல்லோரும் சரியான அளவு என்று நம்பியிருந்தார்கள்! நல்ல சுகமாக இருக்கிற பிள்ளைக்கு அது பெரிதாகத்தான் இருக்கும். பிள்ளை வீரிட்டு அழுது மூச்சை விடுகிற நேரத்தில் படம் எடுத்தால் அந்த நிழல் இன்னும் அகலும், மூச்சை உள்ளே இழுத்தால் ஒடுங்கும்.

கேஃபி 1945 இல் எழுதிய நூலில், எந்த வயதிலும் தைமஸுக்குக் கதிர்வீச்சு கொடுப்பது அறிவுக்கு ஒவ்வாதது என்று பச்சையாகவே எழுதினார். 1950 இல், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் சிலர் கைக்குழந்தையாக இருந்தபோது அதே கதிர்வீச்சைப் பெற்றவர்கள் என்று வேறு வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1946 இல் அவர், தலைக்குள் இரத்தம் கட்டிய 6 கைக்குழந்தைகளின் கைகால் எலும்புகளில், வீட்டார் காரணம் சொல்லாத முறிவுகளைக் காட்டினார். அடி வாங்கியும் வாய் திறந்து சொல்லமுடியாத பிள்ளைக்காக எலும்பு சாட்சி சொல்லும் என்பதை வைத்திய உலகம் பிறகுதான் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது.

சரி, தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான். வைத்தியர் படம் தேவையில்லை என்றால் கோபிக்க வேண்டாம். பழைய படங்களை எறியாமல் அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். படம் எடுக்கும்போது பிள்ளையைப் பிடிக்கச் சொன்னால், நீங்கள் கர்ப்பமாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள், வேறு யாராவது பிடிப்பார்கள்.