வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்வி

(2024 மார்ச் கடைசி வாரம், கோத்தகிரி அருகே வாக்காளர் விழிப்புணர்வுத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இலை எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கூடப் போகாமல் வந்திருக்கிற அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இருட்டுவதற்குள் நீங்கள் திரும்ப வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, வாக்குப்பதிவு. யாருக்குப் போடுவது என்று பேச நாம் கூடவில்லை. இந்த அறையிலேயே மூன்று நான்கு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறோம். பட்டியலில் பெயர் இருக்கிற ஒருவர்கூட வீட்டில் தங்கிவிடக் கூடாது என்பதுதான் நம் கவலை.

இந்தக் கவலை ஏன் மலைக்காரர்களுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும்? நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஊட்டி, குன்னூர், கூடலூர் மலைமேல். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. தொகுதிக்குப் பெயர்தான் நீலகிரி, பாதி தொகுதி சமவெளி. அங்கே ஒரே தெருவில் ஆயிரம் பேரைப் பார்த்துவிடலாம். இங்கே ஒரு லயனுக்கும், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசைக்கும், அடுத்த லயனுக்கும் நடுவில் ஒரு மலை ஏறி இறங்க வேண்டும். மேலே வாக்குப்பதிவு குறைந்தால் பச்சைத் தேயிலை விலையைப் பற்றியும், கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவில் சிக்கிக் கிடக்கிற நிலத்தைப் பற்றியும் பேச வேண்டிய அவசியம் எந்த வேட்பாளருக்கும் இருக்காது. ஓட்டு எங்கே விழுகிறதோ அங்கேதான் அவர்கள் வண்டி போகும்.

கோபத்தில் ‘தேர்தலைப் புறக்கணிப்போம்’ என்று சில ஊர்களில் பேச்சு எழும். ரோடு வரவில்லை, பட்டா வரவில்லை. நியாயமான கோபம்தான். ஆனால் 2014-ஐ நினைத்துப் பாருங்கள். இதே தொகுதியில் 46,559 பேர் ‘நோட்டா’ பொத்தானை அழுத்தினார்கள். அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதிகமாக நோட்டா விழுந்தது இங்கேதான். நோட்டாவால் முடிவு மாறாது, அதிக வாக்கு வாங்கியவர்தான் ஜெயிப்பார். இருந்தாலும் அந்த 46,559 இன்றைக்கும் தேர்தல் ஆணையத்தின் கணக்கில் நிற்கிறது. வீட்டிலேயே இருந்தவர்களில் யார் கோபத்தில் இருந்தார், யார் காய்ச்சலில் படுத்திருந்தார் என்று யாருக்குத் தெரியும்? கோபம் இருப்பவரையும் பூத்துக்குக் கூட்டிப் போங்கள். அவர் கோபமும் எண்ணிக்கையில் வரட்டும்.

சரி, எப்படிக் கூட்டிப் போவது? மைக் கட்டின வண்டியை நம்பாதீர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர், ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும், 1998-ல் நியூ ஹேவன் நகரத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சிலர் வீட்டுக்கு ஆள் போனது, சிலருக்குக் கடிதம் போனது, சிலருக்குத் தொலைபேசி அழைப்பு. நேரில் ஆள் போய்ப் பேசிய வீடுகளில்தான் வாக்குப்பதிவு நன்றாகக் கூடியது. கடிதத்தால் கொஞ்சம். தொலைபேசியால் பலன் தெரியவில்லை. இங்கேயும் வாட்ஸ்அப்பில் ‘அனைவரும் வாக்களிப்போம்’ என்று படம் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

வாசலில் நின்று ‘ஓட்டுப் போடுவீங்களா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ‘போடுவோம்’ என்றுதான் சொல்வார்கள். ‘எத்தனை மணிக்குப் போறீங்க, யார்கூடப் போறீங்க, குழந்தையை யார்கிட்ட விடுவீங்க?’ என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான தடை வெளியே வரும்.

போன வாரம் ஒரு லயனில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தங்கை டிரங்குப் பெட்டியிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்தார். பாலித்தீன் உறையில் போட்டு, துணியில் சுற்றி, பத்திரமாக வைத்திருக்கிறார். அட்டையில் அப்பா பெயரும் பந்தலூர் பக்கத்து முகவரியும். கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பெயர் இன்னும் பிறந்த ஊரிலேயே இருக்கிறது. மக்களவைத் தொகுதி ஒன்றுதான், ஆனாலும் அவர் இங்கே போட முடியாது. ஊட்டி போய், கூடலூர் போய், அங்கிருந்து பந்தலூர். ‘போய்ட்டு வந்தா ரெண்டு நாள் கூலி போயிடும்ணா’ என்றார். அவருக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெண்கள் இப்படி விடுபடுவது புதிதல்ல. 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் பதிந்ததால் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் நிற்காமல் போயின. பெரும்பாலும் வட மாநிலங்களில். இன்று பெயர் இருக்கிறது, ஊர்தான் மாறிக் கிடக்கிறது. இந்தத் தேர்தலுக்கு இனி மாற்ற நேரமில்லை. முடிந்ததும் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 எழுதிக் கொடுக்க நாம் மறுபடியும் அதே வாசல்களுக்குப் போக வேண்டும். அதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கூலி விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி-யின்படி வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்கும் உண்டு. எஸ்டேட்டுக்கும் உண்டு, சீசன் நேரத்து ஊட்டி ஹோட்டலுக்கும் உண்டு. அந்தத் தங்கைக்கு ஒரு நாள் கூலி போகாமல் கிடைத்தது என்றால் பந்தலூர் பயணம் பாதி எளிதாகிவிடும். அவர் அம்மாவைப் பார்த்ததாகவும் இருக்கும்.

திருப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அங்கேயும் விடுமுறைதான், தமிழ்நாடு முழுக்க ஒரே நாள். பெங்களூரில் வாக்குப்பதிவு 26-ம் தேதி. அதனால் அங்கே இருப்பவர்கள் 19-க்கு இப்போதே லீவு கேட்டு வைக்க வேண்டும். இன்று ராத்திரி போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் நேரம். காலை 7 மணி முதல் மாலை 6 வரை. ஆனால் ‘சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் போகலாம்’ என்பது டவுனில் இருப்பவர்களுக்குச் சரிப்படும். காட்டெருமையும் கரடியும் நடக்கிற பாதையில் நாலு மணிக்கு மேல் எந்தப் பெண்ணும் தனியாக வர மாட்டார். லயன் லயனாக, காலையிலேயே, கூட்டமாகக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் வயதானவர்களோடு ஒருவர்.

பூத் சிலிப் மட்டும் போதாது. வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் ஆதாரோ, நூறு நாள் வேலை அட்டையோ, போட்டோ ஒட்டின பாஸ்புக்கோ கொண்டு வரட்டும். முதல் நாள் ராத்திரியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பட்டியல் நகல்களை அந்த மேசையில் லயன் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் லயனுக்கு உரியதை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.