வெறும் வயிறும் ஈயமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். உணவையும் நஞ்சையும் பற்றிப் பேச்செடுத்தாலே, எதைச் சாப்பிட்டால் உடம்பிலுள்ள நச்சு வெளியேறும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தச் சத்து குறைந்தால் நச்சு எளிதாக உள்ளே நுழைகிறது என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

உணவிலுள்ள இரும்பைக் குடலிலிருந்து உள்ளே இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்துவிட்டால், அந்தக் குறையை ஈடுகட்டக் குடல் இப்புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. ஆனால் அதற்கு ஆள் அடையாளம் அவ்வளவாகத் தெரியாது; இரும்பென்று எண்ணிக் காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் ஏற்றிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த பெண்களின் உடம்பில் காட்மியம் கூடுதலாகச் சேர்வது இதனால்தான்.

ஈயத்தின் கதையும் இதையொட்டியதே. சாப்பாட்டோடு சேர்த்து ஈயத்தை விழுங்கிய பெரியவர்களின் உடம்பில் அதில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்ந்ததாகவும், நெடுநேரம் பட்டினி கிடந்தவர்களிடம் அது 60 சதவீதத்தையும் தாண்டியதாகவும் அளந்திருக்கிறார்கள். சிறு குழந்தைகளின் குடலோ பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு ஈயத்தை உறிஞ்சுகிறது. பசியோடு, ஈயம் கலந்த தூசி படிந்த தரையில் தவழ்ந்து விரலைச் சப்பும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

உள்ளே நுழைந்துவிட்ட நஞ்சைக் கையாள்வது பெரும்பாலும் கல்லீரலின் வேலை. நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி அங்கே நஞ்சாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்ற சேர்மம் உடனே அதைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கிவிடுகிறது. அந்தச் சேர்மம் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றுள் சிஸ்டீன்தான் பற்றாக்குறையாகும் சரக்கு. அது புரத உணவிலிருந்து கிடைப்பது. மாத்திரையின் அளவு மீறும்போது கையிருப்பு தீர்ந்து, கல்லீரல் செல்கள் அழியத் தொடங்குகின்றன. அப்போது மருத்துவமனையில் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்றுமருந்து, பெயர் நீளமாக இருந்தாலும், சற்றே உருமாறிய சிஸ்டீன்தான்.

நச்சை நீக்குவதாக விளம்பரப்படுத்தப்படும் பானங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புரோக்கோலி முளைச்சாறு குடித்தவர்களின் சிறுநீரில், காற்று மாசிலுள்ள பென்சீன் என்னும் நச்சின் கழிவு 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியதாகச் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் தெரிவித்தது உண்மை. ஆனால் கழிவு கூடுவது வேறு, நோய் தடைபடுவது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பில் சேர்ந்த ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் படிந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கிறது. கருவின் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தைத் தர, உணவில் அது போதாத தாயின் எலும்பு கரையும்போது, அவள் சிறுமியாக இருந்த நாளில் படிந்த ஈயமும் உடன் கரைந்து இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைகிறது.