நோயாளியின் தோல் பொருக்கை விழுங்கிய டாக்டர்!

வணக்கம் மக்களே. சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

1916 ஏப்ரல் 26. அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தின் ஸ்பார்ட்டன்பர்க் ஊர். ஒரு டாக்டர் நோயாளியின் ரத்தத்தை எடுத்துத் தன் உதவி டாக்டருக்கு ஊசி போடுகிறார். உதவி டாக்டர் அதே ரத்தத்தை இவருக்குப் போடுகிறார். அப்புறம் நோயாளிகளின் தோலில் உரிந்த பொருக்கு, மூத்திரம், மலம் எல்லாவற்றையும் மாவோடு பிசைந்து மாத்திரையாக உருட்டி விழுங்குகிறார்கள். முதல் டாக்டரின் மனைவி மேரியும் பின்னால் ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

டாக்டர் பெயர் ஜோசப் கோல்ட்பெர்கர். நோயின் பெயர் பெல்லாக்ரா.

[திரையில்: கழுத்து, கைகளின் வரைபடம்]

வெயில் படுகிற இடம் மட்டும் கறுத்து, காய்ந்து, பட்டை பட்டையாக உரியும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, அளவெடுத்துக் கையுறை மாட்டியது போல. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல ஒரு வளையம். 1735இல் இதைக் கவனித்த ஸ்பெயின் டாக்டரின் பெயரால் அதைக் காசல் மாலை என்கிறார்கள். தோலோடு நிற்காது. வயிற்றுப்போக்கு, புத்தித் தடுமாற்றம், கடைசியில் மரணம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகள் கொத்துக் கொத்தாகப் பாதிக்கப்பட்டார்கள். இது தொற்றுநோய்தான் என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். 1914இல் அரசு கோல்ட்பெர்கரை அனுப்பியது. மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைஃபஸ் மூன்றையும் வேலை பார்த்த இடத்தில் வாங்கி, பிழைத்து எழுந்த மனிதர். தொற்று எப்படிப் பரவும் என்று உடம்பிலேயே தெரிந்தவர். மனநல விடுதிகளில் நோயாளிகளுக்கு வருகிறது, கூடவே இருக்கும் நர்சுகளுக்கு வரவில்லை. தொற்று என்றால் நர்சை மட்டும் ஏன் விட வேண்டும்?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். மிசிசிப்பியில் ஜாக்சன் ஊரின் அநாதை இல்லம். ஒரே கூரை, ஒரே தண்ணீர். ஆனால் நோய் வந்தது பெரும்பாலும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு. சின்னதுகளுக்கும் இல்லை, பெரியவர்களுக்கும் இல்லை. கோல்ட்பெர்கர் நேராகச் சமையலறைக்குப் போனார். சின்னக் குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. வேலை செய்கிற பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி கிடைத்தது. நடுவில் இருந்த பிள்ளைகளுக்கு மக்காச்சோளக் கஞ்சியும் வெல்லப்பாகும்தான். பால் குடிக்கும் வயதைத் தாண்டிவிட்டான், உழைக்கும் வயது வரவில்லை என்று யாரோ போட்ட கணக்கு, அந்தப் பிள்ளையின் புறங்கையில் கறுப்பாக எழுதப்பட்டிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எல்லோருக்கும் பால், முட்டை, பயறு, இறைச்சி கொடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டு நோய் கிட்டத்தட்டக் காணாமல் போனது.

1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில் எதிர்த்திசையிலும் சோதித்தார். விடுதலை கிடைக்கும் என்ற வாக்குறுதியின்பேரில் கைதிகள் 12 பேர் வெறும் மக்காச்சோளம், அரிசி, பாகு என்று சாப்பிட்டார்கள். ஒருவர் விலக, மீதி 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. விடுதலையைக் காட்டிச் சம்மதம் வாங்குவது தப்பு என்பதுதான் என் கருத்து. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

சாப்பாட்டில் இல்லாமல் போன சத்து நியாசின், அதாவது வைட்டமின் பி3 என்று 1937இல்தான் தெரிந்தது. கோல்ட்பெர்கர் 1929லேயே இறந்துவிட்டார்.

சரி, மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோவில் ஏன் இந்த நோய் பரவவில்லை? பதில் நம் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. சுண்ணாம்பு! அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவிவிட்டுத்தான் அரைப்பார்கள். தானியத்துக்குள் பிணைந்து கிடக்கும் நியாசின் அதில்தான் விடுபடும். ஐரோப்பியர்கள் விதையை எடுத்துப் போனார்கள், சமையலைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

நம் பக்கத்திலும் இது உண்டு. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களிடம் பெல்லாக்ரா இருந்தது. சோளத்தில் நியாசின் அரிசியைவிடக் குறைவில்லை, பிறகு ஏன்? சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து 1960இல் சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தின் (புரதத்தின் ஒரு கூறு) மீது சந்தேகத்தைத் திருப்பினார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இன்றும் தினமும் குடிப்பவர்களிடம் இது வருகிறது. காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களில் சிலருக்கும், சத்துக் குறைவும் சேர்ந்தால், வரலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது வெயில் படும் இடம் மட்டும் இப்படிக் கறுத்து உரிந்தால், கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டி, என்ன சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் சோளச் சோற்றுக்கு, கம்பங்கூழுக்கு என்ன தொட்டுக்கொள்வார்கள்? பயறா, கருவாடா, மோரா? கமெண்டில் எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிப்பேன்.