வாசலில் எட்டு மீட்டர்
(திருப்பூரில் மே தினக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, மைக்செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அண்ணன் அவர்களே, பனியன் கம்பெனியிலிருந்து தலையில் பஞ்சோடு நேராக வந்திருக்கும் அக்கா தங்கைகளே, வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வை நம்ம ஊரில் தைத்ததா என்று புரட்டிப் பார்த்தேன், இல்லை. சரி, போகட்டும்.

அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம் என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். அரிசியை 2011 முதல் ரேஷன் கடை இலவசமாகக் கொடுக்கிறது. எனவே வாடகைக்கு வருகிறேன்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. பவர்டேபிளில் பனியன் தைக்க உட்கார்ந்தவர் கணக்கும் அதுதான். 1957ல் நடந்த 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு நம் குறைந்தபட்சக் கூலிக்குக் கணக்குப் போட்டது: வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி. 2020ல் வந்த ஊதிய வரைவு விதிகளிலோ, சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 சதவீதம்தான் வாடகையாம். அந்தச் செலவு 12,000 என்றால் வாடகை 1,200. அந்தக் காசுக்கு இங்கே வீடு பிடித்துத் தருபவருக்கு இந்தச் சால்வையைக் கொடுத்துவிடுகிறேன்.

போன மாசம், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டுக் குடும்பம், ஒரே மின் இணைப்பு, வாசலில் வரிசையாக எட்டு சப் மீட்டர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த அக்கா காப்பி போட்டுக் கொடுத்தார். எனக்கோ வேர்த்துக் கொட்டுகிறது. "ஃபேன் ஓடாதாக்கா?" என்றேன். "ஓடுமுங்க. மீட்டரும் சேர்ந்து ஓடுமுங்க." வாடகை போக, கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். விருந்தாளி வந்துவிட்டேனே என்று அக்கா ஃபேனைப் போட்டார். சுவரில் தினமும் பென்சிலால் மீட்டர் நம்பரைக் குறித்து வைக்கிற அவர் மகள், வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "மாமா, நீங்க இன்னும் எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

சிரிக்கிறீர்கள். எனக்குக் காப்பி இறங்கவில்லை.

2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே நூறு, அதுவும் வீட்டுக்காரர் கணக்கில். உழக்கும் மிஞ்சாது என்று நாம் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். அந்தக் குழந்தை பார்க்கிறது. குடியிருக்கும் ஒவ்வொரு வாசலுக்கும் தனி இணைப்பு வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

பந்தல் வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். இதற்கான மனுவில் கையெழுத்துப் போடும்போது, போன முறை கரண்டுக்காக வீட்டுக்காரரிடம் கொடுத்த தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள். பள்ளிக் கட்டணம்... தலைவர் மணி அடித்துவிட்டார். வணக்கம்.